காம்பராவுக்குள் விழும் ஆறுமணிக்குருவி

கடந்த மாசியில் தோட்டத்துப் பிள்ளைகளுடன் மட்டக்களப்பு அமிர்தகழிக்குப் போயிருந்தோம். மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டு, வாவிக்கரையில் கொக்கு, நாரை பார்த்தோம். மாலை ஆறு மணிக்கு ஒரு வளவுக்குள் இரட்டைச் சீழ்க்கை கேட்டது. "ஐயா, நம்ம லயத்துக் குருவி!" என்றான் ஒரு பையன்.

உண்மைதான். நம் மலையில் காலைப் பெரட்டு நேரத்தில் கத்துகிற அதே ஆறுமணிக்குருவி. கைபேசியோடு பிள்ளைகள் விரட்டினார்கள். குட்டை வால்கூடப் படத்தில் விழவில்லை. மறுநாள் காலை மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தோம். சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டு அதுவே பக்கத்தில் வந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. ஒரு படம் கிடைத்தது, கொஞ்சம் மங்கல்தான்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் பறவை இது. ஐப்பசி வாக்கில் இங்கு வந்து சித்திரையில் திரும்பும். இரவில் பறந்து களைத்து, சில வேளை காம்பராவுக்குள் விழுந்துவிடும். அப்போது படமெடுக்கக் கையில் பிடித்து ஆட்டாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் மூடி, பூனை அண்டாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் செடியோரம் விட்டுவிடுங்கள். கூண்டில் அடைப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டப்படி குற்றமும்கூட.