முதலில் வேலையா, முதலில் வீடா? - வீடிழந்த 2,282 குடும்பங்கள் சொன்ன பதில்!

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். ஹவுஸ் ஓனர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க வேலை பார்க்கறீங்க?" வேலை கேட்டுப் போனால் அங்கே கேட்பது அட்ரஸ் புரூஃப். அட்வான்ஸ் புரட்ட முடிந்த நமக்கு இது சில வாரத் தலைவலி. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என்று தங்க இடமில்லாமல் நிற்கும் ஒரு பெண் இந்த வட்டத்துக்குள் எங்கிருந்து நுழைவது?

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு அமெரிக்கா. 'டாலர் தேசத்தில் வீடில்லாத குடும்பங்களா?' என்று ஆச்சர்யப்பட வேண்டாம். ஏராளம். அங்கே அவசரக் காப்பகத்தில் வந்து நிற்கும் குடும்பத்தில் பெரும்பாலும் 30 வயதை நெருங்கும் ஓர் அம்மாவும் ஒன்றிரண்டு குழந்தைகளும் இருப்பார்கள். அப்பா உடன் இருப்பது குறைவு.

இவர்களுக்கு உதவப் பல காலமாக அங்கே இருந்த வழி, இடைக்கால இல்லம். அதிகபட்சம் 2 ஆண்டுகள் தங்கலாம். வேலைப் பயிற்சி, வரவு-செலவு வகுப்பு, குழந்தை வளர்ப்பு ஆலோசனை, கூடவே ஒரு சமூகப் பணியாளர். முதலில் சொந்தக் காலில் நிற்கப் பழகட்டும், பிறகு சொந்தமாக வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

2010-ல் அமெரிக்க வீட்டுவசதித் துறை இதைச் சோதிக்க இறங்கியது. பாஸ்டன், அட்லாண்டா, டென்வர், ஹொனலுலு உள்ளிட்ட 12 பகுதிகளின் காப்பகங்களிலிருந்து 2,282 குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. குழந்தைகள் மட்டும் 5,000 பேருக்கு மேல். குலுக்கல் போலப் பிரித்தார்கள். சிலருக்கு நீண்டகால வாடகை வவுச்சர், சிலருக்குச் சில மாத வாடகை உதவி, சிலருக்கு இடைக்கால இல்லம். மீதிப் பேருக்குச் சிறப்பு ஏற்பாடு எதுவும் இல்லை, வழக்கமாகக் கிடைக்கும் உதவிதான். பிறகு 3 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

இதில் வவுச்சர் என்பது ரொம்ப எளிமையானது. குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவிகிதத்தை வாடகையாகக் கொடுக்கும், மீதியை அரசு கட்டும். வீட்டை அவர்களே தேடிக்கொள்ளலாம். வகுப்பு, பயிற்சி, கூடவே ஒரு பணியாளர் என எதுவும் கிடையாது.

அந்த வவுச்சர்தான் ஜெயித்தது! வழக்கமான உதவி பெற்றவர்களோடு ஒப்பிட்டால், வவுச்சர் குடும்பங்கள் மறுபடி தெருவுக்கோ காப்பகத்துக்கோ போவதும், உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்வதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பிள்ளைகள் பள்ளி மாறுவது குறைந்தது. சாப்பாட்டுக்குத் திண்டாடுவது குறைந்தது. துணையிடம் அடிவாங்கும் பெண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அடிக்கும் ஆளைவிட்டு வெளியேறிப் போக ஓர் இடம் இருந்தால் இது நடக்கத்தானே செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு போன குடும்பத்தில் குழந்தைகள் அம்மாவிடமிருந்து பிரிந்து, பாட்டி வீட்டுக்கோ அரசுப் பராமரிப்புக்கோ போவது அங்கே சகஜம். வவுச்சர் கிடைத்த குடும்பங்களில், முதல் 20 மாதக் கணக்கெடுப்பில் இந்தப் பிரிவு நன்றாகக் குறைந்திருந்தது.

இடைக்கால இல்லமோ, இவற்றில் பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை. அதற்கு அனுப்பப்பட்டவர்களில் அதைப் பயன்படுத்தியவர்களே பாதிக்குச் சற்று அதிகம்தான். வருமானம், பழைய வழக்கு, போதைப்பழக்கம் என்று வாசலிலேயே வடிகட்டும் இல்லங்கள் அதில் உண்டு. உதவி அதிகம் தேவைப்படுகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஏற்பாடு!

வவுச்சரிலும் குறை உண்டு. ஆரம்ப மாதங்களில் வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். வருமானம் 500 டாலர் ஏறினால் வாடகைப் பங்கு 150 டாலர் ஏறும். கூடுதலாக உழைத்தால் கூடுதல் வாடகை என்றால் யாருக்குத்தான் உற்சாகம் வரும்?

இதற்கு அமெரிக்காவில் 1990-லேயே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஏறும் அந்த 150 டாலருக்கு ஈடான தொகையை, வீட்டுவசதி அமைப்பு குடும்பத்தின் பெயரில் ஒரு கணக்கில் சேர்த்துவைக்கும். ஒப்பந்தம் வழக்கமாக 5 ஆண்டுகள். படிப்பு, வேலை, கடன் அடைப்பது என்று இலக்கு எழுதிவைக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் உதவுவார். முடிவில் குடும்பத் தலைவர் வேலையில் இருந்து, அரசின் ரொக்க உதவியை யாரும் வாங்காமல் இருந்தால் மொத்தப் பணமும் கைக்கு வரும். பழைய கார் வாங்கலாம், கோர்ஸ் ஃபீஸ் கட்டலாம். நம் ஊர் அம்மாக்கள் ஏலச்சீட்டு எடுப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனால், இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் சராசரிச் சம்பளம் சேராதவர்களைவிடப் பெரிதாக உயரவில்லை என்று ஒரு தேசிய ஆய்வு சொல்கிறது. முடித்தவர்களின் கையில் ஒரு சேமிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

செலவு? மூன்றாண்டுக் கணக்கில் வவுச்சர் குடும்பங்களுக்கு ஆன செலவு, வழக்கமான உதவியைவிடச் சுமார் 9 சதவிகிதம்தான் அதிகம். காப்பகத்தில் ஒரு குடும்பத்தை வைத்திருப்பதும் மலிவில்லை அல்லவா!

இவ்வளவு தெரிந்தும், வாடகை உதவிக்குத் தகுதியுள்ள அமெரிக்கக் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில், பல ஊர்களில் ஆண்டுக்கணக்காக. சில ஊர்களில் அந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பதையே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.