இரண்டு இதயம் கொண்ட இளவரசி!
ஜப்பானியச் சிறுமிகளைச் சிரிக்க வைத்த சித்திரக் கதை

மேல் உலகம். பிறக்கப் போகும் குழந்தைகள் காத்து நிற்கின்றன. ஆண் குழந்தைக்கு நீல இதயம். பெண் குழந்தைக்குச் சிவப்பு இதயம். அதை விழுங்கிய பிறகுதான் பூமிக்குப் போகலாம்.

அங்கே டிங்க் என்று ஒரு குட்டித் தேவதூதன். பொல்லாத வாலு! ஒரு குழந்தையைப் பார்த்தான். ஆண் பிள்ளை என்று நினைத்து நீல இதயத்தை வாயில் போட்டுவிட்டான். அதே குழந்தைக்குக் கடவுள் சிவப்பு இதயத்தைக் கொடுத்தார்.

இரண்டு இதயத்தோடு வெள்ளி நாட்டில் பிறந்தாள், இளவரசி சபையர்.

பூசணிக்காயும் சோறும்

வெள்ளி நாட்டில் பெண் பட்டம் ஏறக் கூடாது. அது சட்டம். ராஜாவுக்கு ஆண் வாரிசு இல்லாவிட்டால், சிம்மாசனம் டியூரலுமின் பிரபுவின் மகனுக்குப் போய்விடும். அவன் ஒரு அசடு. பெயர் பிளாஸ்டிக்!

ஆகவே, பிறந்தது ஆண் என்று ஊருக்கு அறிவித்துவிட்டார்கள். சபையர் கால்சட்டை போட்டாள். வாள் வீசினாள். குதிரை ஏறினாள். யாரும் பார்க்காத நேரத்தில் கவுன் அணிந்து அழகு பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அதைக் கண்டுபிடிக்க டியூரலுமினும் அவர் கையாள் நைலானும் படும் பாடுதான் கதையில் பாதிச் சிரிப்பு.

பெயர்களைக் கவனியுங்கள். டியூரலுமின் என்பது விமானம் செய்யும் உலோகம். வில்லன்களுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் ஒசாமு தெசுகா. 1928-ல் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர். புத்தர் வரலாற்றையும் பின்னாளில் சித்திரக் கதையாக வரைந்தவர். இளவரசி சபையரின் கதை 1953 ஜனவரியில் 'ஷோஜோ கிளப்' என்ற சிறுமிகள் பத்திரிகையில் தொடங்கியது. பெயர் 'ரிபோன் நோ கிஷி'. ரிப்பன் கட்டிய வீரன் என்று பொருள்.

யாரைக் காதலிக்கிறான்?

பக்கத்தில் தங்க நாடு. அதன் இளவரசன் பிரான்ஸ். திருவிழா நாளில், வெளிர்நிறப் பொய்முடி வைத்துக்கொண்டு சபையர் பெண்ணாகவே போகிறாள். பிரான்ஸுடன் நடனம் ஆடுகிறாள். அவ்வளவுதான், அவன் மனதைப் பறிகொடுத்துவிட்டான்.

ஆனால் கால்சட்டை போட்ட சபையரைக் கண்டால் அவனுக்கு ஆகாது. காதலி எங்கே, எங்கே என்று ஊரெல்லாம் தேடுகிறான். அவளோ எதிரில் நிற்கிறாள், வாளுடன்!

1963-ல் இதே கதையை 'நகயோஷி' பத்திரிகையில் தெசுகா புதிதாக வரைந்தார். அதில் வந்தாள் பிரீபே. வாள் சண்டைக்காரி. சபையரை ஆண் என்று நம்பி, கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று துரத்துகிறாள். ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கால்சட்டை போட்ட பெண் காதலனாகத் தெரிவதை, சிறுமிகள் பத்திரிகை வேடிக்கையாக அச்சிட்டது. சிறுமிகளும் ரசித்துப் படித்தார்கள்.

அவர்களுக்கு அது புதிதல்ல. காரணம், தகராசுகா.

பெண்களே ஆடும் மேடை

தெசுகா வளர்ந்த ஊர் தகராசுகா. 1914 முதல் அங்கே ஒரு நாடகக் குழு ஆடி வருகிறது. நடிப்பவர் எல்லோரும் பெண்கள். காதலனும் பெண், காதலியும் பெண். ஆண் வேடம் கட்டுகிறவர்களுக்குத்தான் மவுசு அதிகம். அவர்கள்மேல் உயிரை விடும் ரசிகர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெசுகாவின் தாயும் அந்த நாடகங்களில் பிரியம் கொண்டவர். மகனையும் கூட்டிப் போவார். சபையர் அந்த மேடையிலிருந்து இறங்கி வந்தவள்.

கதையில் ஒரு உறுத்தல் உண்டு. நீல இதயம் போய்விட்டால் சபையரின் கை தளர்ந்துவிடுகிறது. வாள் பிடிக்க முடிவதில்லை. வீரம் ஆணின் இதயத்தில்தான் இருக்கிறது என்று தெசுகா ஏன் வைத்தார்? பிரீபேயைப் பாருங்கள். அவளுக்கு எந்தத் தேவதூதனும் நீல இதயம் ஊட்டவில்லை. இருந்தும் வாள் வீசுகிறாளே! ஆசிரியர் போட்ட கணக்கை அவர் படைத்த பாத்திரமே பொய்யாக்கிவிட்டது.

வெள்ளி நாட்டுச் சட்டம் வெறும் கற்பனையும் அல்ல. ஜப்பானில் 1947-ல் வந்த அரச குடும்பச் சட்டம், ஆண் வழியில் வந்த ஆண் மட்டுமே அரியணை ஏறலாம் என்று எழுதி வைத்தது. கதை தொடங்கியது அதற்கு ஆறு ஆண்டு கழித்து. கவுனைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் சபையரைப் பார்த்து வாசகிகள் சிரித்தார்கள் என்றால், அவள் மாட்டிக்கொண்டு விடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சிரித்திருப்பார்கள்.

1967-ல் இது தொலைக்காட்சிக்கும் வந்தது. 52 பகுதிகளாக ஓடியது. அதற்கு முன்பே, 1958-ல், தெசுகா இன்னொரு கதையும் வரைந்தார். சபையருக்கும் பிரான்ஸுக்கும் இரட்டைக் குழந்தைகள். ஒரு ஆண், ஒரு பெண். பையனைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊருக்குத் தெரியக் கூடாதே! ஒரு நாள் தானாகவும் மறுநாள் சகோதரனாகவும் மாறி மாறி நடிக்கிறாள், மகள் வயலெட்டா. தாய் போட்ட அதே கால்சட்டை வேஷம்!