கெட்டி ஸ்பிரிங் பிடிமானம் தருமா?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏற ஆரம்பித்ததும் ஒரு காரின் வயது வெளியே வந்துவிடும். சேலம் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் குறை சொல்ல முடியாமல் ஓடிய வண்டி, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஒரு பக்கமாகச் சாயும். பின்சீட்டில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். வளைவு முடிந்து ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் மறுபக்கம் ஒருமுறை ஆடித்தான் வண்டி அடங்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் குத்தும், பின்பக்கம் தூக்கும்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் பழைய ஸ்விஃப்டோ ஆல்டோவோ வாங்கியிருக்கும் இளைஞர்கள் பட்டறையில் போய்க் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, வண்டி அலையுது. சஸ்பென்ஷனைக் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க.” அதற்கு மலிவான வழிகள் இரண்டு உண்டு. காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுவது. அல்லது சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகுவது. இரண்டும் வண்டியைக் கெட்டியாக்கும், சந்தேகமில்லை. ஆனால் கெட்டி வேறு, பிடிமானம் வேறு. மலைப்பாதையில் உயிரைக் காப்பது இரண்டாவதுதான். குறைந்த பணத்தில் அதைக் கூட்ட முடியும் என்பதால்தான் வெறுமனே கெட்டியாக்குவதில் பணத்தைப் போடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

வளைவில் நடப்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், வண்டியின் மீது பக்கவாட்டில் புவியீர்ப்பின் ஐந்தில் இரண்டு பங்கு விசை விழுகிறது. அதையே 35இல் எடுத்தால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயரின் எல்லையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மழைக்குப் பிறகு செம்மண்ணும் சரளையும் வழிந்து கிடக்கும் வளைவில் அந்த எல்லை இன்னும் வெகுவாகக் கீழே இருக்கும்.

இப்போது ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.45 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 170 கிலோ மாறிப்போகிறது. நேராக ஓடும்போது பக்கத்துக்கு 550 கிலோவாக இருந்த சுமை, 720, 380 என்று பிரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் எடை, உயரம், அகலம், வேகம், வளைவின் ஆரம் எல்லாம் வந்துவிட்டன. ஸ்பிரிங் மட்டும் எங்கும் வரவில்லை. எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டாலும் அந்த 170 கிலோ மாறத்தான் செய்யும். ஸ்பிரிங் மாற்றுவது சாய்வை மட்டுமே. 3 டிகிரி சாய்ந்த வண்டி 2 டிகிரி சாயும். ஓட்டுபவருக்கு வண்டி கட்டுக்குள் இருப்பதாகத் தோன்றும், தைரியத்தில் இன்னும் 5 கிலோமீட்டர் கூட்டுவார். டயரோ முன்பு எவ்வளவு பிடித்ததோ அவ்வளவுதான் பிடித்துக்கொண்டிருக்கும்.

மேடு பள்ளமான சாலையில் அதுகூடப் பிடிக்காது. ஒரு டயர் பிடிக்க வேண்டுமானால் அது தரையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட தார், ஓரத்தில் பெயர்ந்த ஜல்லி, வளைவுக்கு நடுவே ஒரு குழி என்றிருக்கும் பாதையில் சக்கரம் நொடிக்கு நொடி மேலும் கீழும் போய்வர வேண்டும். கெட்டி ஸ்பிரிங் அதற்கு இடம் கொடுக்காது. சக்கரம் குழிக்குள் இறங்காமல் தாண்டும், மேட்டில் ஏறியதும் துள்ளும். துள்ளிய கணத்தில் அந்த டயரின் பிடி பூஜ்யம்.

சிறிய கார்களின் முன்சக்கர ஸ்பிரிங், ஒரு கணக்குக்கு, மில்லிமீட்டருக்கு 2 கிலோ தாங்குகிறது என்று வைப்போம். 250 கிலோ ஏறினால் 125 மில்லிமீட்டர் அமுங்கும். அப்படி அமுங்கி நிற்கும் உடல் நொடிக்கு 1.4 தடவை ஆடும் இயல்புடையது, மனித உடம்புக்கு ஒத்துப்போகும் ஆட்டம் அது. ஸ்பிரிங்கை 40 சதவீதம் கெட்டியாக்கினால் இந்த ஆட்டம் நொடிக்கு 1.7ஐ நெருங்கும். அதை அடக்க ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும். பழைய ஷாக்கையே விட்டுவைத்தால் ஆட்டத்தை அடக்கும் திறன் விகிதத்தில் 15 சதவீதம் குறைந்துபோகும். காசு கொடுத்துக் கெட்டியாக்கிய வண்டி முன்னைவிட அதிகமாகத் துள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன், ஸ்பிரிங் மென்மையாக இருக்கட்டும், ஷாக் உறுதியாக இருக்கட்டும் என்ற வழியில் போனவர். வளைவுகளில் அவருடைய கார்களை மிஞ்சுவது கஷ்டம் என்று பெயர் இருந்தது. சரளைப் பாதையில் ஓடும் ராலி கார்களும் அப்படித்தான். தார் ஓடுதளத்தில் ஓடும் பந்தயக் கார்களைவிட அவற்றின் ஸ்பிரிங் மென்மை, சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் அதிகம். செலவெல்லாம் ஷாக்கில் போகும். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஓடும் காரைப் பார்த்துவிட்டுக் கரியாலூர் பாதைக்கு வண்டியைத் தயார் செய்வது முதலிலேயே தப்பான உதாரணத்தைப் பிடிப்பது. கல்வராயன் பாதை ராலிக்காரர்களின் பாதை.

காயிலை வெட்டுவதற்கு வருவோம். வேலை செய்யும் சுற்றுகள் 6 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்துவிட்டால், மீதமுள்ள 5 சுற்றுகளே எல்லாச் சுமையையும் ஏற்கும். ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும், வண்டியும் தாழும். தாழ்ந்த வண்டி அடி தட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று இருக்கிறது. நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது, எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட் வகை. அதில் வண்டியைத் தாழ்த்தினால் கீழே இருக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறிவிடுகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், சாயவைக்கும் நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. சாய்வைக் குறைக்கப் போய், சாய்வதற்கான காரணத்தைப் பெரிதாக்கிவிடுகிறோம். கேஸ் வைத்துச் சூடாக்கி வெட்டினால் இன்னும் ஆபத்து. வெட்டிய இடத்தைச் சுற்றி ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், பிறகு அது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

ரப்பர் பஃபர் அவ்வளவு கெடுதல் இல்லை, பின்பக்கம் மூன்று பேரும் சாமானும் எப்போதும் ஏறும் வண்டிக்கு ஓரளவு உதவும். ஆனால் முன்பக்கம் மட்டும் செருகுவது தவறு. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.4 மீட்டர் இடைவெளியுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டும்போது, முன்சக்கரம் ஏறி ஐந்தில் ஒரு நொடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தின் ஆட்டத்தை எட்டிப்பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். 1930களில் கேடிலாக் கார்களில் சோதனை செய்து இதை நிறுவியவர் மோரிஸ் ஓலி. முன்பக்கத்தைக் கெட்டியாக்கினால் அந்த ஒழுங்கு கெட்டு, வண்டி தலையாட்டிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் கையிலிருக்கும் சில ஆயிரத்தை எங்கே போடுவது? முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் காற்று பிடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைவில் நெளியும், பல பேர் சஸ்பென்ஷன் அலைவது என்று நினைப்பது இந்த நெளிவைத்தான். பிறகு டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அத்தனை வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஸ்பிரிங்குக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கு நல்ல டயருக்குத்தான் போக வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்தது, லோயர் ஆர்மைச் சேஸியோடு இணைக்குமிடத்தில் இருக்கும் ரப்பர் புஷ். வண்டியை ராம்பில் ஏற்றி, லோயர் ஆர்முக்கும் சேஸிக்கும் நடுவே மெக்கானிக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல புஷ் லேசாக விட்டுக்கொடுத்து உடனே இடத்துக்கு வரும். தேய்ந்ததில் இரும்புக் குழலைச் சுற்றியிருக்கும் ரப்பர் பிறைநிலா வடிவில் கிழிந்திருக்கும், விரிசலில் செம்மண் அடைத்திருக்கும், நெம்பும்போது ஆர்ம் முன்னும் பின்னும் நகரும். அந்தச் சில மில்லிமீட்டர்தான் இறக்கத்தில் பிரேக் போடும்போது சக்கரத்தைக் கோணலாக்கி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுக்கிறது. சாய்வை எதிர்க்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடும் புஷ்ஷும் பெரும்பாலான சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அவை ஆடிக்கொண்டிருந்தால், வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் பார் வேலையே செய்யத் தொடங்கும்.

ஷாக் அப்சார்பரை மூலையை அமுக்கி விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஒருமுறை எழும்பி நிற்காமல் மறுபடி ஆடினால் அது போய்விட்டது என்பது நிச்சயம். ஆனால் அமுக்கிப் பார்த்து நின்றுவிட்டது என்பதாலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே இருப்பது எண்ணெய், பிஸ்டன், சில வால்வுத் தகடுகள். சக்கரத்தின் ஆட்டத்தை எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி வெப்பமாக்கிவிடுவதே அதன் வேலை. உடல் நொடிக்கு ஒன்றரை தடவை ஆடினால், சக்கரம் தனியாக நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடிக்கும். வால்வு தேய்ந்தால் அந்தத் துடிப்புத்தான் முதலில் அடங்காமல் போகிறது, கையால் அமுக்கும்போது அது தெரிவதில்லை. டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தால் தெரியும், ஷாக் போன சக்கரத்தின் டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கும். ஷாக் உடம்பில் தூசி படிந்த எண்ணெய்க் கசிவும் அடையாளம். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதிய ஷாக், பழைய ஸ்பிரிங். இது மட்டுமே கேட்ட கெட்டித்தன்மையில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் மிச்சமிருந்தால் ஸ்டெபிலைசர் பாரைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறும்போது அது குறுக்கிடாது, வண்டி சாயும்போது மட்டுமே முறுக்கேறி எதிர்க்கும். அதன் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாருக்குப் பதில் 22 போட்டாலே 46 சதவீதம் கூடிவிடும். ஆனால் பின்பக்கம் தடித்த பாரைப் போடுவதை மலையில் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கால் பின்சக்கரங்களின் சுமை ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் பின்பக்கம் வழுக்கினால் திருத்துவதற்குச் சாலையில் இடம் கிடையாது. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே அளவில் புதுப் பாகம் போடுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

பட்டறையில் ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். புது லோயர் ஆர்ம் புஷ் போட்டபின் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.