மேம்படுத்தலுக்குப் பிந்திய செயல்களைத் தன்னியக்கமாக்கல்

மாணவர்களே, கண்டி நகருக்கு அருகே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை நீங்கள் அறிவீர்கள். அப்பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை ஒன்று இலங்கையில் உருவாக்கப்பட்டது. அது பெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பெடோராவையே இப்பாடத்திற்கு உதாரணமாகக் கொள்வோம்.

1. பொதி என்றால் என்ன?
லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்படுகின்றன. அவற்றை நிறுவுதல், மேம்படுத்தல், அகற்றுதல் ஆகிய பணிகளைப் பொதி முகாமையாளர் செய்யும். பெடோராவில் இது டி.என்.எப்.; உபுண்டுவில் ஏ.பி.டி.

2. பிரச்சினை
ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தில் 20 கணினிகள் உள்ளன எனக் கொள்க. பயர்பொக்ஸ் மேலோடியின் சின்னத்தைச் சொடுக்கியதும் பாடசாலையின் வலைத்தளம் திறக்குமாறு, அச்சின்னத்துக்குரிய கோப்பில் ஆசிரியர் ஒரு வரியை மாற்றியுள்ளார். அக்கோப்பு பொதிக்குச் சொந்தமானது. எனவே பயர்பொக்ஸ் மேம்படுத்தப்படும்போது புதிய கோப்பு பழையதன் இடத்தைப் பிடிக்கும். ஆசிரியரின் மாற்றம் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் 20 கணினிகளிலும் அதனைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

3. தீர்வு
டி.என்.எப். உடன் ஒரு சேர்ப்பு நிரலை நிறுவி, அதற்கு ஒரு விதியை எழுதி வைக்கலாம். விதியின் முக்கிய பகுதிகள் மூன்று:
(அ) பொதியின் பெயர் – பயர்பொக்ஸ்
(ஆ) நிகழ்வு – பொதி உள்ளே வருதல் அல்லது வெளியே செல்லல்
(இ) செயல் – இயக்கவேண்டிய கட்டளை
மேம்படுத்தலின்போது புதிய பதிப்பு உள்ளே வருவதால் "உள்ளே வருதல்" என்பதையே தெரிவுசெய்ய வேண்டும். நீங்கள் கற்ற தெரிவுக் கட்டமைப்பே இங்கும் உள்ளது என்பதை அவதானிக்க: நிபந்தனை உண்மையாயின் செயல் நிகழும், பொய்யாயின் நிகழாது.

4. ஒப்பீடு
ஏ.பி.டி.யில் உள்ள இத்தகைய அமைப்பு, எந்தப் பொதி மாறினாலும் கட்டளையை இயக்கும். ஆகவே நிபந்தனையை நாமே கட்டளை நிரலுள் எழுத வேண்டும். ஆர்ச் லினக்ஸின் பொதி முகாமையாளரான பக்மனில் இவ்வசதி 2016 இல் சேர்க்கப்பட்டது. அதில் பொதியின் பெயரை மட்டுமன்றிக் கோப்பின் பெயரையும் நிபந்தனையாக வைக்கலாம்.

5. கவனிக்க வேண்டியவை
• இக்கட்டளை ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் அதிகாரத்துடன் இயங்கும். ஒரு பிழை 20 கணினிகளையும் பழுதாக்கலாம். எனவே முதலில் ஒரு கணினியில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.
• பழைய கோப்பை முழுமையாகத் திரும்பப் பிரதிசெய்தால், புதிய பதிப்பில் வந்த திருத்தங்கள் இல்லாமற் போகும். தேவையான வரியை மட்டும் மாற்றும் கட்டளையே சிறந்தது.

பயிற்சி
1. மேற்கூறிய விதியைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரைக.
2. கையால் செய்வதிலும் தன்னியக்கம் சிறந்தது என்பதற்கு இரு காரணங்களும், அதிலுள்ள ஓர் அபாயமும் தருக.