அவசரமாக இளைத்தாலும் பித்தப்பையில் கல் வரலாம்

தீபாவளி நெருங்கும்போதோ வீட்டில் திருமணம் வரும்போதோ, ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று சிலர் சாப்பாட்டையே நிறுத்திவிடுவதுண்டு. எடை குறையும். ஆனால், மேல்வயிற்றில் புதிதாக ஒரு வலியும் தொடங்கலாம். 'கேஸ்' என்று நினைத்து மாத்திரை போட்டுச் சமாளிக்கும் அந்த வலிக்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருக்கக்கூடும்.

கல்லீரலுக்கு அடியில் உள்ள சிறு பைதான் பித்தப்பை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, கொழுப்புள்ள உணவு உண்ணும்போது சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் வேலை. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்துவிடுகிறது. கரையாமல் மிஞ்சுவது படிகமாகி, நாளடைவில் கல்லாகிறது. பெண்களுக்கும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள் என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு.

அப்படியென்றால் இளைப்பது நல்லதுதானே? நல்லதுதான், வேகம்தான் சிக்கல். உடல் கொழுப்பு வேகமாகக் கரையும்போது, கல்லீரல் இன்னும் அதிகமான கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கலக்கிறது. சாப்பிடாமல் இருந்தாலோ, கொழுப்பை அறவே ஒதுக்கினாலோ பித்தப்பை சுருங்கி விரிவதும் குறைகிறது. தேங்கிய பித்தநீரில் கல் எளிதில் உருவாகும். வாரத்திற்கு 1.5 கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, கல் வராமல் தடுக்க மருத்துவர்கள் சில மாதங்களுக்கு மருந்து தருவதும் இதனால்தான்.

வாரத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே பாதுகாப்பானது. வேளை தவறாமல் உண்பது, நாசி லெமாக், ரொட்டி சானாய், இனிப்பான தே தாரிக் ஆகியவற்றைக் குறைப்பது, கீரை, பருப்பு, காய்கறியைக் கூட்டுவது, நாள்தோறும் நடப்பது ஆகியவை போதும். சமையலில் சிறிதளவு எண்ணெய் இருக்கட்டும். பித்தப்பை வேலை செய்ய அதுவும் தேவை.

பலருக்குக் கல் இருந்தும் தொல்லை இருப்பதில்லை. அவர்களுக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படாது. ஆனால், சாப்பிட்டபின் வலது மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலி திரும்பத் திரும்ப வந்தால், கிளினிக்கில் காட்டி ஸ்கேன் எடுப்பது நல்லது. வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.