புதிய எஞ்சின் பாகங்களில் துரு: தோல் பதனிடும் ஊர்களில் செய்யவேண்டியது

வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் தோல் தொழிலால் ஒரே வட்டாரமாக விளங்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில், டேனரி ஜெனரேட்டருக்கும் லாரிக்கும் வாங்கி வைத்த புதிய உதிரிபாகங்கள் பொருத்தும் முன்பே துருப் பூப்பதற்கு ஏதுவான சூழல் நிலவுகிறது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு இடப்படுகிறது. பதனிடும் முன் அதை உதறும்போது எழும் நுண்தூள் அருகிலுள்ள பொருள்கள்மீது படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும் மழைக்கால இரவுகளில் இந்த உப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கரைசலாகி, எண்ணெய்ப் பூச்சு விலகிய எஃகைத் தாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு துருவின் அடியில் தங்கிவிடுவதால், மேலே தேய்த்து அகற்றிய துரு மீண்டும் தோன்றுகிறது.

பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு உப்புத்தாளால் தேய்க்கும் வழக்கம் போதாதது என்பதற்கு இதுவே காரணம். மண்ணெண்ணெய் பிசுக்கை நீக்குமேயன்றி உப்பைக் கரைப்பதில்லை. ஆகவே பிசுக்கு நீங்கியபின் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி, உடனடியாகக் காற்றழுத்தத்தால் உலர்த்த வேண்டும். அந்த நீரும் நல்ல நீராக இருப்பது முக்கியம்: தோல் ஆலைக் கழிவுநீரால் இவ்வட்டார நிலத்தடி நீர் கெட்டிருப்பதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. ஆழ்துளைக் கிணற்று நீரால் அலசினால் உப்பைப் போக்கி உப்பையே பூசியதாகும். மழைநீரோ, சுத்திகரித்த நீரோ ஏற்றது.

துருவை அகற்றும் முறை பாகத்துக்குப் பாகம் மாறுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும் உருளையான லைனரின் உட்சுவரில் எண்ணெயைத் தாங்குவதற்கென்றே குறுக்குமறுக்காக நுண்கோடுகள் இழைக்கப்பட்டிருப்பதால், முரட்டுத்தாள் அவற்றை அழித்துவிடும். மெல்லிய நைலான் பட்டையை எண்ணெயில் நனைத்து அந்தக் கோடுகளின் போக்கிலேயே தேய்த்து, பின்னர் எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியில் கருமை ஒட்டாமல் போகும்வரை துடைக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டில் பேரிங் அமரும் வழவழப்பான வளையப் பகுதியை, மிக நுண்ணிய தாளால் எண்ணெயுடன், சுற்றுப்போக்கில் மட்டுமே மெருகிடலாம். மென்மையான உலோகப் பூச்சுடைய பேரிங் ஓடுகளைத் தேய்க்கவே கூடாது; கறை படிந்திருந்தால் மாற்றுவதே சரி. கழிவறை கழுவும் அமிலத்தை எந்தப் பாகத்துக்கும் பயன்படுத்தலாகாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால் குளோரைடைத் திரும்பக் கொண்டுவருவதோடு, வால்வு ஸ்பிரிங் போன்ற கடினமாக்கப்பட்ட எஃகினுள் ஹைட்ரஜன் புகுந்து அது நொறுங்கவும் வழி செய்கிறது.

துரு நீங்கிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கையில் நகம் சிக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. அத்தகைய பாகத்தைப் பொருத்தாமல் கடைக்கே திருப்பிக் கொடுப்பது நல்லது. சுத்தமான பாகத்தின்மீது உலர்ந்தவுடனேயே எஞ்சின் எண்ணெய் பூசிவிட வேண்டும். துருத் தடுப்பு ஆவியை வெளியிடும் தாளில் சுற்றி வந்த பொட்டலத்தை, பாகத்தைப் பொருத்தும் நாள்வரை பிரிக்காமல் வைத்திருப்பது, கடைக்காரரும் ஆலை மெக்கானிக்கும் தவறாமல் பின்பற்றவேண்டிய நடைமுறை.