உள்ளே யாரை விடுகிறீர்கள்?

டோரண்டில் ஒரு கோப்பை இறக்கும்போது, அதே கோப்பை இறக்கும் மற்றவர்களுக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். தெரியாமல் கோப்பின் துண்டுகளை எங்கே அனுப்புவது? அந்தக் கூட்டத்தில் யாரும் சேரலாம். வழக்குப் போட முகவரி சேகரிப்பவரும் சேரலாம். டோரண்ட் பரவுவதற்கு முன்பிருந்த கஸா போன்ற திறந்த வலைகளிலும் இதே கதைதான். பாட்டுப் பகிர்ந்தவர்கள்மீது அமெரிக்க இசை நிறுவனங்கள் 2003 செப்டம்பரில் ஒரேயடியாக 261 வழக்குகள் தொடுத்தன.

அதே ஆண்டு மே மாதம் இதற்கு நேரெதிரான ஒரு மென்பொருள் வெளிவந்தது. பெயர் 'வேஸ்ட்'. எழுதியவர், வின்ஆம்ப் பாட்டுப்பெட்டியை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல். அவருடைய நல்சாஃப்ட் நிறுவனம் அப்போது ஏஓஎல் டைம் வார்னரின் சொத்து. ஒரு பெரிய இசை நிறுவனமும் அதே குடையின் கீழ்தான் இருந்தது! வெளியான வேகத்திலேயே இணையத்திலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். அதற்குள் பிரதிகள் ஊரெல்லாம் போய்விட்டன.

வேஸ்ட் ஏறத்தாழ ஐம்பது பேர் வரையிலான சிறு கூட்டத்துக்கானது. ஒவ்வொருவரும் ஒரு ஜோடி சாவி உருவாக்கிக்கொள்ள வேண்டும்: ஒன்று ரகசியம், மற்றது நண்பருக்குக் கொடுப்பதற்கு. இருவரிடமும் மற்றவரின் சாவி இருந்தால்தான் இரண்டு கணினிகளும் பேசும். உள்ளே வந்தபின் எல்லோருடனும் நேரடி இணைப்பு வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் நண்பரின் கணினி வழியாகவே செய்தியும் கோப்பும் போகும். பேச்சு இல்லாத நேரத்திலும் வெற்றுத் தரவை அனுப்பிக்கொண்டே இருக்கும் வசதியும் உண்டு. வெளியிலிருந்து கவனிப்பவருக்கு எப்போது கோப்பு போகிறது என்றே பிடிபடாது. கெட்டிக்காரத்தனமான வேலை.

சிக்கல் ஆட்களிடம்தான். ஒருவரைச் சேர்ப்பது சுலபம், நீக்குவது பெரும்பாடு. நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்து ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால், அவருடைய சாவியை எல்லோரும் அழிக்க வேண்டும். ஒரே ஒருவர் மறந்தாலும், அல்லது இரக்கப்பட்டாலும், அவர் வழியாக இவர் உள்ளேயே இருப்பார். நீக்கப்பட்டவர் ஏற்கெனவே இறக்கிவைத்த கோப்புகளை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

இதோடு ஒப்பிட்டால், கூகுள் டிரைவில் 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று வைப்பது பூட்டே இல்லாத ஏற்பாடு. கல்யாணப் படங்களுக்கான லிங்கை சித்தப்பா இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அங்கிருப்பவர்களும் திறப்பார்கள். பெயர் குறிப்பிட்டு, மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பகிர்வதே மேல். குழுவில் படத்தை அப்படியே போட்டால் தரம் குறையும்; 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் குறையாது.

நடுவில் எந்த நிறுவனத்தின் கிடங்கும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்று 'சிங்திங்' என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம். இரண்டு கணினிகளும் ஒன்றின் அடையாள எண்ணை மற்றொன்று ஏற்றுக்கொண்டால்தான் கோப்புறை பகிரப்படும். ஒன்று மட்டும் கவனம்: வழக்கமான அமைப்பில் ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். அதனால் படங்களின் இன்னொரு பிரதியைத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.